இடமாற்ற உத்தரவு வந்துவிட்டது, மகனை எப்படித் தயார் செய்வது?

எல்லாருக்கும் வணக்கம். என் கணவர் ராணுவத்தில் இருக்கிறார். ஆட்டிசம் உள்ள எங்கள் மகனுக்கு 7 வயது. இரண்டு மாதத்தில் வேறு ஊருக்குப் போக வேண்டும்.

போன முறை பட்ட பாடு இன்னும் மறக்கவில்லை. பேச்சுப் பயிற்சிக்குப் பெயர் கொடுத்துவிட்டு 5 மாதம் காத்திருந்தோம். பழைய அறிக்கைகளை ஏற்காமல் முதலிலிருந்து மதிப்பீடு செய்தார்கள். அதற்குள் அவன் பேசிக்கொண்டிருந்த சொற்களில் பாதி நின்றுபோயின. கழிப்பறைப் பழக்கமும் போனது. தூக்கமே இல்லை. அப்பா பணிக்குப் போய்விட்டதால் வீட்டில் நான் ஒருத்திதான். பிள்ளையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வீடு, பள்ளிக்குப் போகும் வழி, டீச்சர், மின்விசிறிச் சத்தம் வரை எல்லாம் ஒரே நாளில் மாறினால் அவன் எதைப் பிடித்துக்கொள்வான்?

இந்த முறை புது வீட்டின் படங்களை ஒட்டி ஒரு சின்னக் கதைப் புத்தகம் செய்து தினமும் காட்டுகிறேன். அவன் போர்வையைத் துவைக்காமல் எடுத்துப்போகப் போகிறேன், அந்த வாசனை அவனுக்கு வேண்டும்.

பழைய தெரபிஸ்ட்டே சில மாதம் ஆன்லைனில் தொடர்ந்தது யாருக்காவது பலன் தந்ததா? பள்ளியிலிருந்து கிளம்பும் முன் எந்தெந்தக் காகிதங்களைக் கையில் வாங்கிவிட வேண்டும்? புது முகவரி உறுதியாவதற்கு முன்பே காத்திருப்புப் பட்டியலில் பெயர் சேர்க்க முடிந்ததா?

அப்புறம், குழந்தையின் நிலையை மேலதிகாரியிடம் சொல்லி, சிகிச்சை வசதி உள்ள ஊராகக் கேட்டு வாங்கியவர்கள் இருக்கிறீர்களா? பதவி உயர்வைப் பாதிக்குமோ என்று என் கணவர் தயங்குகிறார். கேட்டே ஆக வேண்டும் என்பது என் எண்ணம். அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.