டைனமோவில் கேட்ட டொன் எல்லிஸ்: சுருதி விலகுவது கசற்றின் குறையா, பாட்டே அப்படித்தானா?

அரியாலையூரான் எழுதியது:

வணக்கம். இங்கே கர்நாடக இசையும் பழைய சினிமாப் பாட்டும்தான் அதிகம் கதைக்கிறீர்கள், ஜாஸ் கேட்கிற ஆக்களும் ஒன்றிரண்டு பேர் இருப்பீர்கள் என்று நம்பிக் கேட்கிறேன். டொன் எல்லிஸ் என்ற அமெரிக்க ட்ரம்பெட்காரர் 1967இல் தன்னுடைய 21 பேர் கொண்ட பிக் பாண்டோடு (பெரிய ஜாஸ் குழு) செய்த 'எலெக்ட்ரிக் பாத்' இசைத்தட்டின் மறுவெளியீடு போன கிழமை என் கைக்கு வந்தது. 1998இல் கொலம்பியா லெகசி போட்ட சீடி. தம்பி கனடாவில், ஸ்காபரோவில் பழைய சீடி விற்கிற கடையொன்றில் கண்டு வாங்கி, ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டிருக்கிறான்.

எங்களுக்கு இது புதுசு இல்லை. கப்பலில் வேலை செய்த சித்தப்பா 88ஆம் ஆண்டு லீவில் வந்தபோது ஒரு 90 நிமிடக் கசற் கொண்டு வந்தார். அதன் ஒரு பக்கம் முழுக்க இதுதான் இருந்தது. அவர் இருந்தவரை கரண்டில் கேட்டோம், அப்போது எனக்கு அது வெறும் இரைச்சல். 90இல் போரால் யாழ்ப்பாணத்தில் கரண்ட் போனது, பட்டரியும் இல்லை. பிறகு இங்கே எல்லா வீட்டிலும் செய்தது போல சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவை டயரில் முட்டவிட்டு, நாலு டயோட் போட்டு ரேப் ரெக்கோடருக்கு வயர் இழுத்தோம். தம்பிதான் பெடலைச் சுற்றுவான், நான் பக்கத்தில் குந்தியிருந்து கேட்பேன், கை நோகும்போது மாறிக்கொள்வோம். செய்தி கேட்பதற்கென்று செய்த ஏற்பாடு, செய்தி முடிந்த பிறகு பத்து நிமிடமாவது இந்தக் கசற் ஓடும். அவன் கை தளர்ந்தால் பாட்டும் தளரும், ட்ரம்பெட் எல்லாம் சேர்ந்து கீழே சரியும், வேகமாகச் சுற்றினால் எல்லாரும் கீச்சுக் குரலில் ஓடுவார்கள். அப்படித்தான் இந்த இசையில் எனக்குப் பிரியம் வந்தது. 95 ஒக்டோபரில் சனம் எல்லாம் இடம்பெயர, நாங்களும் சாவகச்சேரிப் பக்கம் நடந்து போனபோது கசற் வீட்டிலேயே நின்றுவிட்டது, திரும்பி வந்தபோது வீட்டில் கதவே இல்லை.

இப்போது சீடியைப் போட்டால் மூன்றாவதாக வரும் 'டேர்கிஷ் பாத்' தொடக்கத்தில் சித்தார் வருகிறது, அதன் பின் சாக்ஸபோன் வரிசை பாட்டின் தலையை, அதாவது முதன்மை மெட்டை, எடுக்கும்போது அவர்களுடைய சுருதி சரிகிறது. டைனமோவில் கேட்டபோது எப்படிச் சரிந்ததோ கிட்டத்தட்ட அதே மாதிரி! இத்தனை வருடமாக அது தம்பியின் கை என்று நினைத்திருந்தேன், ‘சரியாகச் சுற்றடா’ என்று அந்த இடத்தில் எத்தனையோ தரம் அவனைப் பேசியும் இருக்கிறேன். இப்போது சீடியிலும் அப்படியே என்றால் பாட்டே அப்படித்தானா, அல்லது இந்தப் பிரதியில் ஏதும் பிழையா? அதுதான் முதல் கேள்வி.

மற்றது, பழைய தட்டின் கடைசிப் பாட்டு 'நியூ ஹொரைசன்ஸ்'. பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல். தாளத்தைப் பிடிக்கப் பார்க்கிறேன், முடியவில்லை. 5, 5 என்று வந்து பிறகு எங்கேயோ கை தவறிவிடுகிறது. யாராவது எண்ணிச் சொல்லுங்கள்.

---

தட்டுச்சேர்ப்பவன் (வெள்ளவத்தை):

அண்ணை, உங்கள் சீடியில் பிழை இல்லை, தம்பியின் கையிலும் பிழை இல்லை. சாக்ஸ் வரிசை வேண்டுமென்றே சுருதி விலகி வாசிக்கிறது. பியானோவில் இரண்டு கட்டைகளுக்கு நடுவே விழுகிற கால் சுரங்களில் எல்லிஸுக்குப் பெரிய ஆசை. சாதாரண ட்ரம்பெட்டுக்கு மூன்று வால்வுதான். இவர் ஹோல்ட்டன் கம்பனியிடம் நாலாவது வால்வு வைத்த ட்ரம்பெட் ஒன்றைச் செய்வித்தார், அந்த நாலாவதை அமத்தினால் சுரம் கால் படி இறங்கும். அதனால் அவருக்கு மட்டும் அந்த இடைச் சுரங்கள் சுத்தமாகக் கிடைக்கும். சாக்ஸ் வாசிப்பவர்களிடம் அப்படி வாத்தியம் இல்லை, உதட்டால் இழுத்துத்தான் அந்த நிறத்தைக் கொண்டுவர வேண்டும். பாட்டை எழுதியவர் அந்த பாண்டிலேயே ட்ரொம்போன் வாசித்த ரொன் மயர்ஸ். சித்தார் வாசிப்பது ரே நியபோலிட்டன், அவர் பாண்டின் மூன்று பேஸ்காரர்களில் ஒருவர். ஆம், மூன்று பேஸ்! ட்ரம்ஸும் தாளவாத்தியமும் சேர்த்து நாலு பேர். சாதாரண பிக் பாண்டில் ஒரு பேஸ், ஒரு ட்ரம்ஸ், அவ்வளவுதான். அடியில் இவ்வளவு பாரம் இருப்பதால்தான் மேலே எவ்வளவு சிக்கலான கணக்குப் போட்டாலும் கட்டிடம் ஆடாமல் நிற்கிறது.

நல்ல ஹெட்போனில் 'ஓப்பன் பியூட்டி'யை ஒருதரம் கேளுங்கள். நடுவில் எல்லிஸ் ட்ரம்பெட்டை எதிரொலி ரேப் மெஷினுக்குள் விட்டு, தான் வாசித்தது திரும்பி வரும்போது அதன் மேலேயே அடுத்ததை வாசிக்கிறார். ஒரே ஆள் மூன்று நாலு ஆளாகிவிடுவார். நான் முதலில் ஒரு தேய்ந்த தட்டில்தான் கேட்டேன், கிறீச்சென்ற சத்தத்துக்குள் அந்த மெல்லிய அடுக்குகள் எல்லாம் மறைந்திருந்தன. இந்த ஒரு பாட்டுக்காகவே மறுவெளியீடு தேவைப்பட்டது என்பேன். சீடியின் கடைசியில் இருக்கிற இரண்டு குட்டிப் பாட்டும் அந்தக் காலத்து 45 தட்டுக்காக வெட்டிச் சுருக்கியவை. ஒருதரம் கேட்டுவிட்டு விட்டுவிடலாம்.

---

பூவரசங்கழி (இணுவில்):

நான் தவில். ஜாஸ் பற்றி ஒன்றும் பெரிதாகத் தெரியாது, ஆனால் தாளக் கேள்வி என்று கண்டதும் கடைசிப் பாட்டைத் தேடிப் போட்டேன், நேற்று இரவு ஐந்து தரம் கேட்டுவிட்டேன், வீட்டில் ஒருவருக்கும் நித்திரை இல்லை.

அது 17. 5, 5, 7 என்று போகிறது. நீங்கள் தவறுகிற இடம் மூன்றாவது துண்டு, அங்கேயும் 5 என்று எதிர்பார்க்கிறீர்கள், அவர்கள் இரண்டு கூட்டிவிடுகிறார்கள். வாயால் சொல்லிப் பாருங்கள்: தகதகிட, தகதகிட, தகிட தகதிமி. இதை நிறுத்தாமல் பத்துத் தரம் சொல்லிவிட்டுப் பிறகு பாட்டைப் போடுங்கள், தானாக விழும்.

இன்னொரு விசயம், எனக்கு மயிர் கூச்செறிந்தது இதில்தான். எங்களுடைய 35 தாளத்தில் கண்ட ஜாதி துருவம் என்று ஒன்று இருக்கிறதல்லவா, லகு, திருதம், லகு, லகு. ஜாதி கண்டம் என்றால் லகுவுக்கு 5, திருதத்துக்கு எப்போதும் 2, ஆகவே 5, 2, 5, 5. கூட்டினால் அதுவும் 17. முதல் லகுவையும் திருதத்தையும் ஒன்றாகப் பிடித்தால் 7, 5, 5. எல்லிஸ் பிடித்தது 5, 5, 7. ஒரே வட்டம்தான், ஏறுகிற இடம் மட்டும் வேறு. அவர் இதைத் தெரிந்து செய்தாரா என்று தேடிப் பார்த்தேன். அவர் லொஸ் ஏஞ்சல்ஸில் ஹரிஹர் ராவிடம் படித்திருக்கிறார், ராவ் ரவிசங்கரின் சீடர், எல்லிஸும் ராவும் சேர்ந்து ஹிந்துஸ்தானி ஜாஸ் செக்ஸ்டெட் என்று ஒரு குழுவும் நடத்தியிருக்கிறார்கள். ஆகவே அவருக்குக் கிடைத்தது வடக்கத்திக் கணக்கு, எங்கள் துருவம் அல்ல. இருந்தும் வந்து நின்ற இடம் இது.

1966இல் அமெரிக்காவில் மொன்டரே ஜாஸ் விழாவில் வாசித்த ஒரு உருப்படிக்குப் பெயரே எண்கள்தான்: 33 222 1 222. கூட்டிப் பாருங்கள், 19. எங்கள் 35 தாளத்துக்குள் 19 எங்கேயும் கிடையாது, நான் எல்லா ஜாதிக்கும் போட்டுப் பார்த்துவிட்டேன். நடுவில் தனியாக நிற்கிற அந்த ஒன்றுதான் ஆளை விழுத்துகிறது. நாளைக்குத் தவில் கழியை எடுத்து அதற்கு ஒரு சொல்லுக்கட்டுப் போட்டுப் பார்க்கப் போகிறேன்.

அளவெட்டியிலும் இணுவிலிலும் மேளச்சமா (நாதஸ்வர, தவில் கச்சேரி) கேட்டு வளர்ந்த ஆக்களுக்கு இந்த பாண்ட் அந்நியமாக இருக்காது என்றே நினைக்கிறேன். நாலைந்து கூட்டம் சேர்ந்து விடியவிடிய வாசிக்கும்போது ஒருவர் கணக்கை விட்டுக்கொடுக்காமல் பிடித்திருக்க, மற்றவர் அதற்கு மேலே எங்கெங்கோ போய்ச் சரியாகப் பாட்டுத் தொடங்குகிற எடுப்பில் வந்து விழுவார் பாருங்கள், அந்தக் கணத்தில் சனம் தன்னை மறந்து கை தட்டும். 'இந்தியன் லேடி' முடிவில் அதே உணர்ச்சி வந்தது. முடிந்தது என்று மூச்சு விட்டால் மறுபடி எடுக்கிறார்கள், பிறகும் முடிக்கிறார்கள், பிறகும் எடுக்கிறார்கள்.

---

பாண்ட் மாஸ்டர்:

பள்ளிக்கூட பாண்டில் பித்தளை வாத்தியம் பழக்குகிறவன் நான். பூவரசங்கழி தம்பி சொன்ன கணக்குச் சரி, அதில் மறுப்பில்லை. ஆனால் கையில் தாளம் போட்டு எண்ணிக்கொண்டே இதைக் கேட்காதீர்கள் என்று சொல்வேன். துருவத்தில் லகு, திருதம் எல்லாம் கையால் தெரிகிற அங்கங்கள். இங்கே அங்கம் இல்லை, அடிதான் இருக்கிறது, அதுவும் ஸ்விங் அடி, இரண்டாவது அடி கொஞ்சம் பிந்தி விழும். எண்ணினால் அந்தப் பிந்தல் செத்துப்போகும். என் பெடியங்களுக்கு 'இந்தியன் லேடி'யின் 5ஐப் பழக்கியபோது இரண்டு கிழமை எண்ணிப் பார்த்தோம், எல்லாரும் மரக்கட்டை மாதிரி நின்றார்கள். மூன்றாவது கிழமை தாளை மூடிவைத்துவிட்டு மைதானத்தைச் சுற்றி அந்த அடிக்கு நடக்கவிட்டேன். 5 என்றால் ஒவ்வொரு சுற்றுக்கும் தொடங்குகிற கால் மாறும், முதலில் தடுமாறினார்கள், நாலாவது நாள் ட்ரம்ஸ் வாசிக்கிற சின்னப் பெடியன் நடந்தபடியே சிரிக்கத் தொடங்கினான். அவனுக்குப் பிடிபட்டுவிட்டது.

'விப்லாஷ்' படம் பார்த்தவர்களுக்கு ஒரு தகவல். படத்துக்குப் பெயர் கொடுத்த அந்த உருப்படி ஹாங்க் லெவி எழுதியது, எல்லிஸ் பாண்ட்தான் 1973இல் 'சோரிங்' தட்டில் வாசித்தது. அதே லெவி எழுதியதுதான் உங்கள் சீடியில் இரண்டாவதாக வரும் 'அலோன்'.

---

பூவரசங்கழி (இணுவில்):

மாஸ்டர், நடக்கவிட்டது நல்ல யோசனை. ஆனால் எண்ணாமல் வராது என்றே நான் இன்னும் சொல்வேன். எண்ணிக்கை மறந்துபோகும் வரைக்கும் எண்ண வேண்டும். எங்கள் வாத்தியார் வருடக்கணக்காகக் கட்டையில் தட்டவிட்டார், பிறகுதான் தவிலைத் தொடவிட்டார்.

---

அரியாலையூரான்:

எல்லாருக்கும் நன்றி. தகதகிட தகதகிட தகிட தகதிமி என்று நேற்று முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன், இரவு பாட்டைப் போட்டபோது முதல் ஏழெட்டு வட்டம் தவறவில்லை. மாஸ்டர் சொன்னது போல முற்றத்தில் நடந்தும் பார்த்தேன். இரண்டும் வேண்டும் போலிருக்கிறது.

எல்லிஸ் பற்றி இன்னும் வாசித்தேன். 1978இல், 44 வயதில், இதயக் கோளாறால் இறந்திருக்கிறார். சித்தப்பா கசற்றோடு வந்தபோதே அந்த மனுசன் போய்ப் பத்து வருடம். டைனமோ சுற்றிக்கொண்டு கேட்டபோது அவர் எங்கேயோ ஒரு ஊரில் இன்னும் வாசித்துக்கொண்டிருக்கிறார் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

தம்பிக்கு இரவு கோல் எடுத்து 'டேர்கிஷ் பாத்' விசயத்தைச் சொன்னேன். உன்னுடைய கை இல்லையடா, சாக்ஸ்காரர் வேண்டுமென்று செய்தது, அவ்வளவு தரம் உன்னைப் பேசினதெல்லாம் என்னுடைய பிழை என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு, ‘அண்ணை, கடைசிப் பாட்டின் முடிவைப் போடு’ என்றான்.

நான் இதை முதலில் எழுதவில்லை. தட்டு ஏறக்குறைய 45 நிமிடம், கசற்றின் ஒரு பக்கமும் 45 நிமிடம்தான். சித்தப்பா தட்டைத் திருப்பிப் போட்ட இடைவெளியில் கொஞ்ச நேரம் வீணாகப் போயிருக்க வேண்டும், அதனால் 'நியூ ஹொரைசன்ஸ்' முடிவதற்குள் ரேப் டக்கென்று நின்றுவிடும். நின்றதும் தம்பி பெடலை விட்டுவிடுவான், சில்லு மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் இருட்டுக்குள் தானாகச் சுற்றும். முடிவு எப்படி இருக்கும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது.

ஃபோனை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைத்து, ரேப் நிற்கிற இடத்துக்கு இரண்டு நிமிடம் முன்னாலிருந்து போட்டேன்.