சென்னையில் உச்சிப்பொழுது ஏன் பன்னிரண்டுக்கு வருவதில்லை?

கேள்வி: மொட்டை மாடியில் வற்றல் காயவைத்துக் காக்கைக்குக் காவலிருந்தபோது, பிப்ரவரி நடுவில் நிழல் மிகக் குறுகும் நேரம் ஏறத்தாழ 12.23 என்று கண்டேன். பிழை கடிகாரத்திலா, கதிரவனிலா?

பதில் 1: இரண்டிலும் இல்லை. இந்தியத் திட்ட நேரம் மிர்சாப்பூர் அருகே செல்லும் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது என்பதால், அதற்கு மேற்கே இருக்கும் சென்னைக்கு உச்சிப்பொழுது சராசரியாக 9 நிமிடம் தாமதமாகவே வரும். மீதி 14 நிமிடம் புவியின் நீள்வட்டப் பாதையும் அச்சுச் சாய்வும் சேர்ந்து செய்யும் வேலை. இந்தப் பங்கு ஆண்டு முழுதும் கூடிக் குறையும் என்பதால், நவம்பர் தொடக்கத்தில் பார்த்தால் 11.53 அளவிலேயே உச்சி வந்துவிடும்.

பதில் 2: அந்த 9 நிமிடம் 1906-இல் வந்த சிக்கல். அதற்கு முன் நுங்கம்பாக்கம் வானாய்வகத்தைச் சார்ந்த மதராஸ் நேரமே இங்கு வழங்கியது. இந்திய இரயில்களும் பெரும்பாலும் அதன்படியே ஓடின. பம்பாயோ, வீம்புக்கென்றே சொல்லலாம், தன் தனி நேரத்தை 1955 வரை விடவில்லை.

கேட்டவர்: நன்றி. நவம்பரில் மழை விட்டால் மீண்டும் அளந்து எழுதுகிறேன்.