சுவிஸின் ஆகச் சிறிய ஊருக்குப் போனவர்கள் இருக்கிறீர்களா? (கொரிப்போ)

மலைநடை:
2018 செப்டம்பர், இத்தாலியன் பேசும் டிச்சினோ மாநிலம். லவெர்த்தேசோ பாலத்தடியில் கூட்டம் தாங்க முடியாமல், வெர்சாஸ்கா ஆற்றோரமாகவே நடந்து கொரிப்போவுக்கு ஏறினோம். கல் வீடு, கல் கூரை, எல்லாம் இருக்கிறது, ஆள் அரவம்தான் இல்லை. விறகு அடுக்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம், எனக்குத் தெரிந்த அரைகுறை இத்தாலியனில், எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று கேட்டேன். மனிதர் தொகை சொல்லவில்லை. வீடு வீடாகப் பார்த்து விரல் மடக்கினார். பத்தும் முடிந்து மறுபடி தொடங்கி, பன்னிரண்டில் நின்றார். மேலே ஒரு கூரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மடக்கிய ஒரு விரலைத் திரும்ப விரித்தார். அது யார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. 1850 வாக்கில் ஏறக்குறைய 300 பேர் இருந்த ஊர்.

கடைசி பஸ்:
முதலில் தலைப்பைத் திருத்துங்கள். 2020 அக்டோபரில் கொரிப்போவை வெர்சாஸ்கா என்ற புது ஊராட்சியோடு சேர்த்தாயிற்று. அப்போது ஆகச் சிறியதானது சோலோதூர்ன் மாநிலத்துக் கம்மர்ஸ்ரோர். கொரிப்போவுக்கு நான் போன அன்று மழை, ஒருவரையும் காணவில்லை, அவ்வளவுதான் என் கதை. ஆனால் போகிறவர்கள் கவனிக்க: கார் வேண்டாம், நிறுத்த இடம் கிடைக்காது. கீழே பள்ளத்தாக்கு தொடங்கும் தெனேரோவில் மஞ்சள் பஸ் பிடியுங்கள். நல்ல சப்பாத்து போடுங்கள், ஈரக் கல்லில் சறுக்கும். ஆற்றுத் தண்ணீர் பச்சையாக அழகாக இருக்கிறது என்று இறங்க வேண்டாம், நீரோட்டம் இழுத்துவிடும். 2022 முதல் அங்கே தங்கவும் முடியும். பழைய வீடுகளைத்தான் ஹோட்டல் அறைகளாக்கியிருக்கிறார்கள். சாப்பாடு ஒரு வீட்டில், படுக்கை இன்னொரு வீட்டில். குடையை மறக்காதீர்கள்.

பேர்ண் அக்கா:
தம்பி கடைசி பஸ், அண்ணை கேட்டது குடை பற்றியா? அண்ணை, உங்களோடும் எனக்கு ஒரு சின்னச் சண்டை. அந்த வெர்சாஸ்கா பள்ளத்தாக்குச் சனம் முன்பும் வருடம் முழுக்க மேலேயே இருந்ததில்லை. குளிர் வந்தால் மாட்டையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கீழே மகதீனோ சமவெளிக்கு இறங்கிவிடுவார்கள், திராட்சைத் தோட்டமும் அங்கேதான். சின்னப் பையன்கள் இத்தாலிக்குப் புகைபோக்கி துடைக்கப் போனார்கள். அப்புறம் கலிபோர்னியா, ஆஸ்திரேலியா என்று போனவர்கள்தான் பெரும்பாலும் திரும்பவில்லை.

என்னோடு வேலை செய்கிற ஒருத்தியின் பழைய பாஸ்போர்ட்டில் பூர்வீக ஊர் கொரிப்போ. இந்த நாட்டில் பிறந்த இடத்தைவிட அதைத்தானே எழுதுவார்கள்! சாப்பாட்டு நேரத்தில் விரித்துக் காட்டினாள். ஊர் எப்படி இருக்கும் என்று கேட்டேன்.

"போனதே இல்லை. அந்த வளைவு ரோட்டில் எனக்கு வாந்தி வரும்" என்றாள்.