125 சி.சி. ஸ்கூட்டர்: 60-க்கு மேல் ஏறவில்லை, ஆர்.பி.எம்.மும் 5,800-லேயே நின்றுவிடுகிறது

கியரில்லாதவன்:
வண்டி 125 சி.சி., நான்கு ஸ்ட்ரோக், காற்றில் குளிரும் இன்ஜின், கார்பரேட்டர் மாடல். ஓடினது 31,000 கி.மீ. சமதள ரோட்டில் ஒற்றை ஆளோட முன்னாடி 85 தொடும். இப்போ கடைசி வரை முறுக்கினாலும் 60-தான். ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லலை, போன் ஜி.பி.எஸ். வச்சு ஒத்துப் பார்த்தாச்சு.

பிளக் வயரில் சுத்துற டிஜிட்டல் ஆர்.பி.எம். (இன்ஜின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று) மீட்டர் மாட்டினேன். சென்டர் ஸ்டாண்டில் 8,000 தாண்டுது. ரோட்டில் இறங்கினா 5,800, அதுக்கு மேல ஒரு அடி ஏறாது. 40 வரைக்கும் பிக்கப்பில் குறை தெரியலை. ஐடிலிங் சுத்தம், புகை இல்லை, ஸ்டார்ட்டிங் உடனே.

இதுவரை மாத்தினது: பெல்ட், ஆறு ரோலர் (முன் புல்லிக்குள்ள இருக்கிற எடைக்குண்டு), பிளக், ஏர் ஃபில்டர். கொஞ்சமும் வித்தியாசம் இல்லை. டயர் காத்து சரியா இருக்கு. அடுத்தது கிளட்ச் ஷூவா? இல்லை ரோலர் எடையைக் குறைச்சுப் போடலாமா?

வெர்னியர்:
கிளட்ச்சைத் தொடாதீர்கள். கிளட்ச்சோ பெல்ட்டோ வழுக்கினால் இன்ஜின் கத்தும், வண்டி நகராது. அதாவது ஆர்.பி.எம். அதிகம், வேகம் குறைவு. உங்களுக்கு இரண்டுமே குறைவு. இந்த ஒரு வித்தியாசத்தைக் கவனிக்காமல்தான் நல்ல கிளட்ச் ஷூவையெல்லாம் கழற்றி எறிகிறார்கள்.

கையில் ஆர்.பி.எம். இருப்பதால் கணக்கே போட்டுவிடலாம். 60 கி.மீ. வேகம் என்றால் நிமிடத்துக்கு 1,000 மீட்டர். 3.50-10 டயராக இருந்தால் சுற்றளவு சுமார் 1.35 மீட்டர், ஆக சக்கரம் நிமிடத்துக்கு 740 சுற்று. 5,800-ஐ 740-ஆல் வகுத்தால் 7.8. பின் கியர்பாக்ஸ் விகிதம் 8.6 என்று எடுத்துக்கொண்டால் (உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் சரியான எண் இருக்கும்) பெல்ட் விகிதம் (பின் புல்லி ஒரு சுற்று சுற்ற, முன் புல்லி எத்தனை சுற்று சுற்றுகிறது என்பது) 0.9 சொச்சம். இந்த வகை வண்டிகளில் பெல்ட் விகிதம் கிளம்பும்போது 2.5 வாக்கில் இருக்கும், கடைசியில் 0.8 வாக்கில் வந்து நிற்கும். அப்படியென்றால் உங்கள் வேரியேட்டர் (பெல்ட்டை விளிம்புப் பக்கம் ஏற்றி விகிதத்தை மாற்றும் முன் புல்லி) ஏறக்குறைய முழுசாக ஏறிவிட்டது. இழுக்க வேண்டியது இன்ஜின், அந்த இன்ஜினால்தான் இழுக்க முடியவில்லை.

கணக்கை நம்பாவிட்டால் கண்ணால் பார்க்கலாம். கவரைக் கழற்றி, முன் புல்லியின் இரண்டு முகத்திலும் (பெல்ட் உரசும் பக்கம்) நடுவிலிருந்து விளிம்பு வரை பெர்மனென்ட் மார்க்கரால் நேர்கோடு ஒன்று இழுங்கள். மூடி, இரண்டு கி.மீ. முழு வேகத்தில் ஓட்டிவிட்டு மறுபடி திறங்கள். கோடு எதுவரை அழிந்திருக்கிறதோ அதுவரைதான் பெல்ட் ஏறியிருக்கிறது. விளிம்பில் 5 மி.மீ. அழியாமல் நின்றால் வேரியேட்டர் பக்கம் தேடலாம். ஒன்றிரண்டு மி.மீ. மட்டும் மிச்சம் என்றால் வேரியேட்டரை விட்டுவிடுங்கள்.

திரும்ப மாட்டும்போது ஒரு எச்சரிக்கை. பின் புல்லியைக் கையால் விரித்து பெல்ட்டை உள்ளே அழுத்திவிட்டு, முன்பக்கம் பெல்ட் தொளதொளவென்று இருக்கும்போதுதான் நட்டை முடுக்க வேண்டும். பெல்ட் நடுவில் மாட்டிக்கொண்டால் நட்டு இறுகியதுபோல் ஏமாற்றும். ஓட ஆரம்பித்ததும் தளர்ந்து, கிராங்க் ஸ்ப்லைனை (புல்லி உட்காரும் தண்டின் பல்வரியை) தின்றுவிடும்.

பிக்கப்_பிரியன்:
ப்ரோ, இவ்வளவு கணக்கெல்லாம் எதுக்கு? ரோலர் ஒவ்வொண்ணும் 1 கிராம் குறைச்சுப் போடுங்க, ஆர்.பி.எம். தானா ஏறும். கனமான ரோலர் சீக்கிரமே வெளியே போய் மேல் விகிதத்துக்குத் தள்ளிடும், அதான் இன்ஜின் அமுங்குது.

கரிக்கை:
பிரியன் சொல்றது பாதி சரி. கனமான ரோலர் போட்டா இதே அறிகுறிதான் வரும். அதனால முதல்ல எடை போடுங்க. பழைய ரோலர் ஆறு, புது ரோலர் ஆறு, தனித்தனியா, 0.1 கிராம் காட்டுற தராசில். கவர்ல எழுதினதை நம்ப வேண்டாம். ரெண்டும் ஒரே எடைன்னா ரோலரைக் குறைக்கிறது, காய்ச்சலுக்கு தெர்மாமீட்டரை உடைக்கிற வேலை. முன்னாடி அதே எடையில் 85 போன வண்டி அது. கம்பெனி எடையை மாத்தாம ஏன் இழுவை போச்சுன்னு தேடுங்க.

அடுத்து ஒரு கேள்வி, இதுக்குப் பதில் முக்கியம். 60-ங்கறது முதல்லேர்ந்தே இடிக்கிற சுவரா? இல்லை 75 வரை போயி, அரை நிமிஷத்துல தானா இறங்குதா? முழு முறுக்குல இந்த மாதிரி இன்ஜின் நிமிஷத்துக்கு சுமார் 50 மி.லி. பெட்ரோல் கேக்கும். வரத்து குறைஞ்சா, கார்பரேட்டர் கிண்ணத்துல இருக்கிறது தீர்ற வரைக்கும் நல்லாப் போயிட்டு அப்புறம்தான் திணறும். அப்படின்னா டேங்க் மூடியோட காத்து ஓட்டை, பெட்ரோல் ஃபில்டர், வேக்குவம் காக் (இன்ஜின் உறிஞ்சும்போது மட்டும் பெட்ரோலைத் திறந்து விடுறது), இந்த வரிசை. மூடியைத் தளர்த்தி வச்சு ஓட்டினா சரியாகுதான்னு பார்க்க ரெண்டு நிமிஷம்தான். டேங்க்ல பாதிக்குக் கீழ இருக்கும்போது பாருங்க, தளும்பக் கூடாது.

எப்பவுமே 60-ல சுவர்னா, செலவில்லாததுலேர்ந்து ஆரம்பிங்க:

ஆக்சிலரேட்டர் கேபிள். ஏர் பாக்ஸ் குழாயைக் கழட்டி கார்பரேட்டர் வாய்ல டார்ச் அடிச்சுப் பாருங்க, இன்னொருத்தர் முறுக்கட்டும். உள்ளே தட்டு படுக்கைவசமா முழுசாத் திறக்கணும். கேபிள் உறை ஒரு இடத்துல நழுவி உக்காந்தாலே முக்கால்வாசிதான் திறக்கும்.

பிரேக். சென்டர் ஸ்டாண்டில் சக்கரத்தைக் கையால சுத்தினா தடையில்லாம சுத்தணும். அஞ்சு கி.மீ. பிரேக் பிடிக்காம ஓட்டிட்டு டிரம் பக்கத்துல கை கொண்டு போங்க. கொதிச்சா அதான் உங்க காணாமப் போன 25 கி.மீ.

டேப்பெட், அதாவது வால்வுக்கும் அதை அமுக்குற ராக்கருக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி. இன்ஜின் முழுசா ஆறினப்புறம். ஃப்ளைவீல்ல "டி" கோடு (பிஸ்டன் உச்சியில இருக்கிற குறி) நேரா வரணும், ரெண்டு ராக்கரும் லூஸா இருக்கணும், அப்போ ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு) விட்டுப் பாருங்க. சின்ன இன்ஜின்களுக்குப் பெரும்பாலும் 0.08-லேர்ந்து 0.15 மி.மீ.க்குள்ள ஒரு அளவு புத்தகத்துல இருக்கும். டக்டக்னு சத்தம் போடுற லூஸ் டேப்பெட்டை விட சத்தமே இல்லாத டைட் டேப்பெட்தான் ஆபத்து. சூடானதும் வால்வு முழுசா மூடாது, கம்ப்ரஷன் போயிடும்.

இப்போ எனக்கு நிஜமா சந்தேகம் இருக்கிற இடம்: கார்பரேட்டர் டயாஃப்ரம்.

இந்த வண்டியில இருக்கிறது வேக்குவம் வகை கார்பரேட்டர். நீங்க முறுக்கினா திறக்கிறது வாசக் கதவு மட்டும். உள்ளே ஸ்லைடுன்னு இன்னொரு கதவு இருக்கு. அதைத் தூக்கறது உங்க கை இல்லை, மேலே ரப்பர் டயாஃப்ரத்துக்கு மேல உண்டாகுற வேக்குவம். ரப்பர்ல ஊசி முனை அளவு ஓட்டை விழுந்தாக்கூட வேக்குவம் ஒழுகும், ஸ்லைடு பாதியில நின்னுடும். காத்தும் பாதி, பெட்ரோலும் பாதி. கலவை விகிதம் கெடாததால பிளக் நிறம் நல்லாவே இருக்கும், அதைப் பார்த்து ஏமாந்துடுவோம். ஸ்டாண்டில் 8,000 போறதுக்கும் காரணம் இதுதான். சும்மா சுத்துற சக்கரத்துக்குக் கொஞ்சம் காத்தே போதும். ஸ்டாண்டில் நல்லா சுத்துதுன்னு இன்ஜினுக்கு நற்சான்று கொடுக்காதீங்க, ரொம்ப நேரம் அப்படி முறுக்கவும் செய்யாதீங்க.

செக் பண்றது: கார்பரேட்டர் வாய் வழியா விரலால ஸ்லைடை மேலே தூக்கி விடுங்க. காத்தைத் தள்ளிக்கிட்டு மெத்துனு இறங்கணும். டக்குனு விழுந்தா சந்தேகம் உறுதி. அப்புறம் மேல் மூடியோட ரெண்டு ஸ்க்ரூவைக் கழட்டுங்க (உள்ளே ஸ்பிரிங் இருக்கு, ஒரு கையால அமுக்கிப் பிடிங்க). டயாஃப்ரத்தை வெளிச்சத்துக்கு எதிரா பிடிச்சு, மடிப்பை லேசா விரிச்சுச் சுத்திப் பாருங்க. கிழியறது எப்பவும் அந்த மடிப்புலதான். ஓரத்துல சின்ன நாக்கு மாதிரி ஒண்ணு இருக்கும், அது அதோட பள்ளத்துல உக்காந்திருக்கான்னும் பாருங்க. நாக்கு நகர்ந்து மூடி மாட்டினா கிழியாத டயாஃப்ரமும் ஒழுகும்.

கார்பரேட்டர் கிளீனர் ஸ்ப்ரேயை மட்டும் அந்த ரப்பர் மேல அடிச்சிடாதீங்க. ஊறிப் பெருத்துடும், பள்ளத்துல உக்காராது.

கியரில்லாதவன்:
நன்றிண்ணே. பார்த்தவரைக்கும்:

60 ஆரம்பத்துலேர்ந்தே சுவர்தான், போய் இறங்கறதில்லை. ரோலர் பழசு புதுசு ரெண்டும் 0.2 கிராம் வித்தியாசத்துக்குள்ள. மார்க்கர் கோடு விளிம்புலேர்ந்து 3 மி.மீ. விட்டு மீதி எல்லாம் அழிஞ்சிருக்கு. கேபிள், பிரேக் ரெண்டும் சரி. டேப்பெட் புத்தகத்துல போட்ட அளவுலயே இருக்கு.

ஸ்லைடு டக்குனு விழுது. கழட்டிப் பார்த்தா நாக்குக்குப் பக்கத்து மடிப்புல 6 மி.மீ. நீளத்துக்குக் கீறல். சும்மா பார்த்தா தெரியலை, விரிச்சாதான் வெளிச்சம் வருது. ரப்பர் பசை போட்டு ஒட்டலாமா?

கரிக்கை:
வேண்டாம். பெட்ரோல் ஆவி பசையை இளக்கிடும். ஒட்டின இடம் விறைப்பாகி ஸ்லைடைக் கோணலா இழுக்கும், கிழிஞ்ச துணுக்கு கீழே விழுந்தா இன்னொரு தொல்லை. ஸ்லைடோட சேர்ந்த டயாஃப்ரமா வாங்குங்க. அதுல நீடிலை (பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்துற ஊசியை) மாத்தி வைக்கும்போது கிளிப் எந்த வெட்டுல இருந்ததோ அதே வெட்டுல இருக்கணும். ஸ்லைடு அடியில இருக்கிற சின்ன ஓட்டை வழியாதான் வேக்குவம் மேலே போகுது, அதுல தூசி அடைச்சிருந்தா புது டயாஃப்ரமும் தூங்கும். ஊதிப் பாருங்க, கம்பி விட்டுக் குடையாதீங்க.

மணல்_ரோடு:
இதே தொல்லை இரண்டு ஸ்ட்ரோக் ஸ்கூட்டரில் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது சைலன்சர்தான். ஆயில் கரி படிந்து வாய் குறுகிப்போகும், கீழே நன்றாக இருக்கும், மேலே மூச்சு முட்டும். சைலன்சர் நட்டைச் சற்றே தளர்த்திக் கொஞ்ச தூரம் ஓட்டினால் தெரிந்துவிடும். சத்தத்தோடு வேகமும் கூடினால் அடைப்பு உறுதி. நான்கு ஸ்ட்ரோக்கிலும் சைலன்சருக்குள் இருக்கும் கேட்டலிஸ்ட் (புகையைச் சுத்தப்படுத்தும் பாகம்) உடைந்து அடைத்தால் இப்படியே ஆகும். இன்ஜெக்‌ஷன் வண்டி என்றால் டயாஃப்ரம் கிடையாது. பெட்ரோல் பம்ப் அழுத்தம், இன்ஜெக்டர், திராட்டில் சென்சார் என்று வேறு பாதை.

கியரில்லாதவன்:
புது ஸ்லைடு மாட்டியாச்சு. ரோட்டில் 7,400, வேகம் 83. கம்பெனி எடை ரோலர்தான், ஒண்ணும் குறைக்கலை.

வெர்னியர்:
83-க்கும் 7,400-க்கும் கணக்குப் போட்டால் பெல்ட் விகிதம் 0.84 வருகிறது, சரியான இடம். மார்க்கர் கோட்டை இப்போது இன்னொரு முறை இழுத்துப் பாருங்கள், 3 மி.மீ. மிச்சம் குறைந்திருக்க வேண்டும். கவர் திறந்திருக்கும்போதே புது பெல்ட்டின் அகலத்தை வெர்னியரில் அளந்து கவரின் உள்பக்கம் எழுதிவையுங்கள். ஏறக்குறைய 1 மி.மீ. தேய்ந்ததும் பெல்ட் முன் புல்லியில் விளிம்பை எட்டாது. அப்போதும் டாப் ஸ்பீடு குறையும், ஆனால் இன்ஜின் 5,800-இல் முனகாது, கத்தும்.