மறு: ‘பிளாக் விதின்’ – உள்ளணியா, உட்கூட்டா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரு கட்சியினர் தம் கட்சியை விடாமலே பெரிய இயக்கமொன்றிலும் உறுப்பினராகிச் செயல்படுவதை ஆங்கிலத்தில் ‘பிளாக் விதின்’ (bloc within) என்கிறார்கள். அதற்குத் தமிழாக இந்த இழையில் இதுவரை வந்த சொற்கள் மூன்று: ஊடுருவல், உட்குழு, உள்ளணி. மூன்றிலும் எனக்குத் தயக்கம் இருக்கிறது. நடந்தது என்ன என்பதிலிருந்து தொடங்குவோம்.

டச்சு ஆட்சியில் இருந்த ஜாவாவில் (இன்றைய இந்தோனேசியா) 1914இல் டச்சு சோசலிசரான ஹெங்க் ஸ்னேவ்லீட் தொடங்கிய சோசலிச அமைப்பில் பெரும்பாலோர் டச்சுக்காரர்கள். உள்ளூர் மக்கள் திரண்டிருந்த இடம் சரேகத் இஸ்லாம் என்ற முஸ்லிம் வெகுமக்கள் இயக்கம். ரயில்வே ஊழியராக இருந்து, பிறகு செமாராங்கில் ரயில்வே தொழிற்சங்கப் பணிக்கு வந்த செமாவுன் போன்ற இளைஞர்கள் இரண்டிலும் உறுப்பினரானார்கள். 1920 மே மாதம் அந்த அமைப்பு கம்யூனிஸ்ட் கட்சியான பிறகும் இது தொடர்ந்தது. 1921 அக்டோபரில்தான், வேறு கட்சியில் இருப்பவர் இங்கே இருக்கக்கூடாது என்று சரேகத் இஸ்லாம் கதவடைத்தது.

அதற்குள் ஸ்னேவ்லீட், மாரிங் என்ற பெயரில் சீனாவுக்குப் போய்விட்டார். 1922 ஆகஸ்டில் ஹாங்சோவின் மேற்கு ஏரியில் கூடிய கூட்டத்தில், தேசியவாதக் கட்சியான கோமிண்டாங்கில் சேருங்கள் என்று சீனக் கம்யூனிஸ்ட் தோழர்களிடம் வற்புறுத்தினார். கட்சித் தலைவர் சென் துசியு போன்றோர் எதிர்த்தும் கடைசியில் இணங்கினார்கள்.

‘ஊடுருவல்’ பொருந்தாது. அதில் ஒளிவுமறைவு இருக்கிறது. இங்கேயோ, கட்சியோடு கட்சி கூட்டு வேண்டாம், வருபவர் தனித்தனியாக வரட்டும் என்றவரே கோமிண்டாங் தலைவர் சன் யாட் சென்தான். ‘உட்குழு’வை, ஒரு கட்சி வேறோர் அமைப்புக்குள் வைத்திருக்கும் குழுவைக் குறிக்கும் ‘ஃபிராக்‌ஷன்’ என்பதற்கு வைத்துக்கொள்ளலாம்.

‘உள்ளணி’தான் என் முதல் விருப்பமாகவும் இருந்தது. 1924 ஜனவரியில் காண்டனில் நடந்த கோமிண்டாங்கின் முதல் மாநாட்டில் கம்யூனிஸ்ட் தலைவர் லி தாசாவ் தந்த விளக்கத்தைப் படித்த பிறகு மனம் மாறியது. நாங்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்தோம், ஓர் அமைப்பாகச் சேரவில்லை. இரண்டு கட்சியில் கால்வைத்தவர்கள் என்று சொல்லுங்கள், கட்சிக்குள் கட்சி என்று சொல்லாதீர்கள் என்பது அவர் வாதம். ‘உள்ளணி’ என்றால் அவர் மறுத்த குற்றச்சாட்டை நாமே ஏற்றுக்கொண்டதாகிவிடும். போதாக்குறைக்கு, இளைஞரணி, மகளிரணி என்று பழகிய காதுக்கு இதுவும் கட்சியின் ஒரு கிளையாகவே கேட்கும்.

சீன வரலாற்றாசிரியர்கள் ‘தாங்நெய் ஹேசுவோ’ என்கிறார்கள், கட்சிக்குள் ஒத்துழைப்பு. அந்த வழியில் என் பரிந்துரை ‘உட்கூட்டு’. 1937இல் ஜப்பானுக்கு எதிராக இரு கட்சிகளும் தனித்தனியாக நின்று கைகோத்ததை ‘வெளிக்கூட்டு’ எனலாம். ‘ஐக்கிய முன்னணி’ இரண்டுக்கும் பொதுச்சொல்லாக இருக்கட்டும். ‘தனித்தனியாக’ என்ற பொருள் உட்கூட்டில் வரவில்லை என்பது உண்மை. ‘இருகட்சி உறுப்பினர்’ என்ற துணைச்சொல் அதை ஈடுகட்டும்.

வாக்கியத்தில் வைத்துப் பார்க்கிறேன்: “1927 ஏப்ரல் 12 அன்று ஷாங்காயில் கோமிண்டாங் தளபதி சியாங் கை ஷேக் நடத்திய படுகொலையில் உடையத் தொடங்கிய உட்கூட்டு, ஜூலையில் கோமிண்டாங் இடதுசாரிகளின் வூஹானிலும் முறிந்தது.”

இதே இடத்தில் ‘உள்ளணி’யைப் போட்டுப் படித்துவிட்டு உங்கள் கருத்தை எழுதுங்கள்.