பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குமுன் ஆள் வைத்துச் சோதித்தீர்களா? உங்கள் அனுபவம் என்ன?

குரோய்டன்காரன்

மூன்று வருடமாகிறது. அந்த விரல் இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை.

2006 மாடல் போர்ஷே 911, 997 கரேரா எஸ், 3.8 லிட்டர். தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம். சிலிண்டர் சுவரில் கீறல் விழும் அதே எஞ்சின்தான். எனக்கும் தெரியும். தெரிந்ததால்தான் 240 பவுண்டு கொடுத்து ஒருவரை வரவழைத்தேன். விற்பவர் வீட்டு வாசலில் இரண்டு மணி நேரம் பார்த்தார். பெயின்ட் தடிமனை அளந்தார். எஞ்சின் எத்தனை முறை வரம்பு மீறிச் சுழன்றது என்று கணினியில் எடுத்தார். பிரேக் தட்டுகளின் தேய்மானத்தைக் காட்டி 600 பவுண்டு விலை குறைத்தும் கொடுத்தார். நல்ல மனிதர் என்றே நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன்.

கடைசியில் பின்னால் போய்க் குனிந்து, ஒரு பக்கப் புகைக்குழாய்க்குள் ஆள்காட்டி விரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றினார். லேசான சாம்பல். மறுபக்கக் குழாயில் விட்டார். கண்மை தொட்டதுபோல் கறுப்பு. விரலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். துணியில் துடைத்தார். என் பக்கம் திரும்பி, "நான்கு டயரும் ஒரே கம்பெனி, நல்லது" என்றார்.

பதினான்கு பக்க அறிக்கையில் புகைக்குழாய்க்கு நேரே "கசிவு இல்லை" என்று இருந்தது. ஐந்தாவது மாதம் எஞ்சினிலிருந்து டிக் டிக் என்று சத்தம், ஆயில் குடிக்க ஆரம்பித்தது. வேறொருவர் அடிப்பகுதியைக் கழற்றிக் கீழிருந்து கேமராவை விட்டார். ஆறாம் சிலிண்டர் சுவரில் பூனை பிறாண்டியதுபோல் நெடுகக் கோடுகள். எஞ்சினைச் சரிசெய்ய 11,000 பவுண்டு. அறிக்கையின் அடியில் பொடி எழுத்தில் "எஞ்சினின் உட்பகுதிகள் இச்சோதனையில் அடங்கா" என்று இருந்ததை அன்றுதான் படித்தேன்.

அந்தக் கறுப்புக்கு என்ன பொருள் என்று அவரிடம் நான் கேட்கவேயில்லை. வாய்வரை வந்தது. கேட்டிருந்தால் காரை விட்டுவிட்டு வர வேண்டியிருக்குமே என்ற பயம்தான் என்று இப்போது தோன்றுகிறது.

மார்க்கம்வாசி

கரியை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. சும்மா அந்த மனிதரைக் குற்றவாளி ஆக்காதீர்கள். நீங்கள் கேட்டதை அவர் பார்த்தார். சிலிண்டருக்குள் பார்க்கச் சொல்லி நீங்கள் கேட்கவில்லை.

என் கதை சிறியது. பிஎம்டபிள்யூ இ46 எம்3. ஒன்டாரியோவில் வாங்கிய வண்டிக்கு நம்பர் பிளேட் போட்டு ஓட்ட "சேஃப்டி" சான்றிதழ் வேண்டும், 36 நாள் செல்லும். விற்றவர் அதை நீட்டியதும் சோதனையே முடிந்துவிட்டதாக நினைத்தேன். சாலையில் ஓடத் தகுதியானதா என்பதற்கு மேல் அந்தக் காகிதம் எதையும் சொல்லாது. வாங்கிய பிறகு லிஃப்டில் ஏற்றியபோது, பின் அச்சைத் தாங்கும் இடத்தில் புதிதாகக் கறுப்புப் பூச்சு. நகத்தால் சுரண்டினேன். அடியில் தகடு விரிசல் விட்டிருந்தது.

எனவே இனி வாங்குகிறவர்கள் கேளுங்கள். விற்பவர் காட்டும் பட்டறைக்குப் போகாதீர்கள். எந்த மாடலில் எது கெடும் என்று நீங்களே படித்து எழுதி, அந்தத் தாளைச் சோதிப்பவரிடம் கொடுங்கள். பொதுவான பட்டியலை வைத்து ஸ்போர்ட்ஸ் காரைப் பார்ப்பது, கண் வலிக்குக் காலைப் பரிசோதிப்பது மாதிரி. 997 என்றால் பிஸ்டனைக் கீழே இறக்கி வைத்துக் கேமராவில் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்பார்க் பிளக் துளை வழியாக அவசரமாக எட்டிப்பார்த்தால் கீறல் இருக்கும் இடம் தெரியாமல் போகலாம். ஆயில் ஃபில்டரைப் பிரித்து மடிப்புக்குள் உலோகத் துகள் மின்னுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரில் பழுது எதுவும் இல்லை என்றால் உடனே மகிழாதீர்கள். கணினியின் சுயசோதனைகள் முடியாமல் கிடந்தால், முந்தைய நாள்தான் யாரோ பழுதுக் குறிகளை அழித்திருக்கலாம். எல்லாவற்றுக்கும் முதலில், எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது போய்ச் சேருங்கள்; முன்கூட்டியே சூடாக்கி வைத்தால் சில குறைகள் மறைந்துவிடும். குரோய்டன்காரரே, நீங்கள் போனபோது எஞ்சின் ஆறியிருந்ததா?

ரோட்டரி பைத்தியம்

அறிவுரை நீளம், ஐயா. அதைப் பின்பற்றவும் கருவி வேண்டுமே. இலங்கையில் 2020இல் வாகன இறக்குமதி நின்ற பிறகு வாங்கிய மாஸ்டா ஆர்எக்ஸ்-8; பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழலும் எஞ்சின். விற்றவர் யப்பான் ஏலத் தாளைக் காட்டினார்: தரம் 4.5, கதவில் ஏ1, அதாவது சின்னக் கீறல். எனக்குப் புல்லரித்தது. அந்தத் தாள் எழுதிய நாளில் கார் எப்படி இருந்தது என்று சொல்கிறது. பிறகு இங்கே ஓடிய எட்டு வருடத்தைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. வத்தளையில் ஒரு மெக்கானிக் கம்ப்ரெஷன், அதாவது எஞ்சினின் உள்ளழுத்தம், பார்த்து "அருமை" என்றார். பிஸ்டன் எஞ்சினுக்கு வைக்கும் மானி அது. ரோட்டருக்கு மூன்று முகம். அந்த மானி மூன்றில் உயர்ந்ததை மட்டும் காட்டிவிட்டு நிற்கும்.

கிளிநொச்சியில் பெற்றோல் அடித்துவிட்டுச் சாவியைத் திருப்பினேன். சுற்றுகிறது, பிடிக்கவில்லை. பின்னால் ஏழு வாகனங்கள். உழவு இயந்திரத்திலிருந்து இறங்கிய ஒரு பெரியவர் வந்து, "தம்பி, இவ்வளவு வடிவான காரைத் தள்ளவா?" என்று கேட்டார். தள்ளினோம். முக்கால் மணி நேரம் நிழலில் ஆறிய பிறகு, ஒன்றும் நடக்காததுபோல் கிளம்பியது.

கோவை நீலம்

மார்க்கம் அண்ணா, விற்பவரின் பட்டறை வேண்டாம் என்கிறீர்கள். எங்கள் ஊரில் இந்த வண்டிகளைத் தொடத் தெரிந்த பட்டறைகளை விரல்விட்டு எண்ணலாம், எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்.

நான் பார்த்தது சென்னைப் பதிவு பிஎம்டபிள்யூ இசட்4, 2017இல். ஒரு நிறுவனத்தின் சோதனை அறிக்கை, பக்கம் முழுக்கப் பச்சை டிக். சீட் பெல்ட்டுக்கும் பச்சை. முன்பணம் கொடுத்துவிட்டுச் சித்தப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு சுற்றுப் போனேன். சித்தப்பாவுக்குத் தொப்பை கொஞ்சம் அதிகம். பெல்ட்டை இழுத்தார், போதவில்லை, இன்னும் இழுத்தார். கடைசி ஒரு முழம் சேற்று நிறத்தில் வந்தது. "இது என்னடா, காவி வேட்டி மாதிரி?" என்றார். 2015 டிசம்பர் வெள்ளம்! வெளியே தெரியும் பகுதியை மட்டும் துவைத்துவிட்டு, சுருளுக்குள் கிடந்ததை மறந்துவிட்டார்கள். சோதித்தவர் இடுப்புவரை இழுத்துப் பார்த்து டிக் போட்டிருப்பார்.

முன்பணம் திரும்ப வரவில்லை. சித்தப்பா இன்றைக்கும் எல்லாக் கல்யாணத்திலும் இதைச் சொல்கிறார்.

குரோய்டன்காரன்

மார்க்கம்வாசி, கேட்டீர்களே. முதலில் இதை எழுதவில்லை, எழுதும்போது நினைவிலும் இல்லை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எஞ்சின் இருக்கும் பின் மூடி கதகதவென்று இருந்தது. கை வைத்துப் பார்த்தேன். "இப்போதுதான் பெட்ரோல் போட்டுவிட்டு வந்தேன்" என்றார் விற்பவர்.

சோதனை ஓட்டத்தில் நான்தான் ஓட்டினேன். முள் கால் டேங்கில் நின்றது.