குப்பைமேனிச் சாறு: வெறும் டிஎம்எஸ்ஓ குழியிலும் வளையம் வருகிறது, என்ன செய்யலாம்?

கேள்வி:
குப்பைமேனிச் சாறு பாக்டீரியாவைத் தடுக்கிறதா என்று பார்க்கிறேன். நிழலில் உலர்த்திய இலைப்பொடி 10 கிராம், மெத்தனால் 100 மி.லி., 3 நாள் ஊறல். வடிகட்டி, ரோட்டரி எவாப்பரேட்டரில் 40 டிகிரியில் வற்றவைத்தேன். கிடைத்த பிசினை மி.லி.க்கு 100 மி.கி. வீதம் சுத்த டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்தேன். 90 மி.மீ. தட்டில் முல்லர் ஹிண்டன் அகர் (பாக்டீரியா வளர்க்கும் கூழ்) 15 மி.லி., 6 மி.மீ. குழி, குழிக்கு 100 மைக்ரோலிட்டர். ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியாவில் 13 மி.மீ. வளையம் (பாக்டீரியா வளராத பகுதி), அதுவும் கோணல்மாணலாக. டிஎம்எஸ்ஓ குழியில் 9. ஈ.கோலையில் ஒன்றுமே இல்லை. 13இல் 9ஐக் கழித்து 4 என்று எழுதலாமா?

பதில் 1:
கழிக்காதீங்க. வளைய விட்டம் மருந்தின் அளவோடு நேர்விகிதத்தில் ஏறாது. அந்த 4க்குப் பொருளே கிடையாது. கன்ட்ரோல் (சாறு இல்லாத டிஎம்எஸ்ஓ குழி) சுத்தமாக வரும்வரை தட்டைக் கணக்கில் எடுக்க முடியாது.

பிசினை எடை மாறாத நிலை வரும்வரை உலர்த்துங்க. மிச்ச மெத்தனாலும் பாக்டீரியாவைத் தடுக்கும். பிறகு டிஎம்எஸ்ஓ கரைசல் ஒரு பங்குக்கு ஸ்டெரைல் தண்ணீர் ஒன்பது பங்கு. டிஎம்எஸ்ஓ 10 சதவீதமாகும், சாறு 10 மி.கி./மி.லி. கலங்கினால் நன்றாகக் குலுக்கி உடனே குழியில் விடுங்க. கன்ட்ரோல் குழிக்கும் அதே 10 சதவீதம்தான். வடிகட்டுவதானால் செல்லுலோஸ் அசிடேட் ஃபில்டர் வேண்டாம், டிஎம்எஸ்ஓவில் கரைந்துவிடும். நைலான் தாங்கும்.

பதில் 2:
கோணலுக்குக் காரணம் உங்க கணக்கிலேயே இருக்கு. 90 மி.மீ. தட்டில் 15 மி.லி. ஊற்றினால் அகர் 2.4 மி.மீ. உயரம்தான். அதில் 6 மி.மீ. குழி ஏறக்குறைய 67 மைக்ரோலிட்டர் கொள்ளும். மீதி 33 வழிந்து மேலே பரவும். 25 மி.லி. ஊற்றினால் 4 மி.மீ. வரும், குழிக்கு 50 போதும். அகரைத் தோண்டும்போது அடி தூக்கிக்கொண்டால் சாறு அகருக்கு அடியில் ஓடும். உருகிய அகர் ஒரு துளி விட்டு அடைச்சிடுங்க.

பாக்டீரியா கலந்த நீரின் கலங்கலைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீங்க: 0.5 மெக்ஃபார்லண்ட் (கலங்கல் அளவுகோல்), 625 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சல் 0.08 முதல் 0.13. பதினைந்து நிமிடத்துக்குள் ஸ்வாப் தேய்க்கணும். கூடவே ஒப்பிட 10 மைக்ரோகிராம் ஜென்டாமைசின் (ஆன்டிபயாடிக்) டிஸ்க். ஆரியஸின் தரப்படுத்திய வகையான ஏடிசிசி 25923க்கு 19 முதல் 27 மி.மீ.க்குள் வரணும். உங்க குழியில் இருந்தது 10 மி.கி. சாறு, டிஸ்கில் இருப்பதைப்போல ஆயிரம் மடங்கு. இரண்டையும் பக்கத்தில் வைத்து "ஜென்டாமைசினுக்கு நிகர்" என்று எழுதும் ஆய்வேடுகளைப் பார்த்தால் எரிச்சல்தான் வரும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி சார். டிஎம்எஸ்ஓ குழி இப்போ சுத்தம். ஆரியஸில் சாறு 10 மி.மீ., வட்டமாக. ஈ.கோலை இன்னும் பூஜ்யம். சாறு வேலை செய்யலைன்னு எழுதலாமா?

பதில் 1:
அவசரப்படாதீங்க. கொழுப்பில் கரையும் பொருட்கள் அகரில் நகராமல் குழிக்குள்ளேயே நின்றுவிடும். ஈ.கோலைக்கு வெளிச்சவ்வும் ஒரு தடை. 96 குழித் தட்டில் எம்ஐசி (வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த செறிவு) பாருங்க. பழைய 100 மி.கி. கரைசலை பிராத்தில் (திரவ வளர்ப்பு ஊடகம்) 4 மி.கி./மி.லி. ஆக்கி, முதல் குழியில் உள்ள 100 மைக்ரோலிட்டர் பிராத்தோடு 100 சேர்த்து, அங்கிருந்து 100, 100ஆகப் பாதிபாதியாக இறக்குங்க. மெக்ஃபார்லண்ட் கலங்கலை 150 மடங்கு நீர்த்து குழிக்கு 100 சேர்த்தால் மி.லி.க்கு 5 லட்சம் செல். முதல் குழியில் சாறு 1 மி.கி./மி.லி., டிஎம்எஸ்ஓ 1 சதவீதம். 35 டிகிரி, 16 முதல் 20 மணி நேரம்.

சாற்றின் பச்சை நிறத்தில் பாக்டீரியா வளர்ந்த கலங்கல் தெரியாது, 0.015 சதவீத ரெசாசுரின் சாயம் 30 மைக்ரோலிட்டர் விட்டு 2 முதல் 4 மணி நேரம் வைங்க. நீலம் நின்றால் வளரவில்லை, இளஞ்சிவப்பானால் வளர்ந்திருக்கு. பாக்டீரியா இல்லாமல் சாறும் பிராத்தும் மட்டும் உள்ள ஒரு வரிசை கட்டாயம். சாற்றில் உள்ள ஃபீனால்கள் தாமாகவே ரெசாசுரினைச் சிவக்க வைக்கும்.